சிவப்பு எந்தப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இந்த உடம்புக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. முதல் டிரிப்புக்குக் கிளம்புகிறவன் மாதிரி குளித்து, சவரம் செய்து, தலை வாரிக் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். போக ஓர் இடமும் இல்லை. பேப்பர் வருவதற்கே இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

வீட்டுக்காரி மகளுடைய பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். மகனுக்கு வெளியூரில் கேபிள் புதைக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. மிச்சம் நானும் மருமகளும்தான். அவளும் போன வாரம் மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். முழங்கை வரை மாவுக்கட்டு.

மருமகளுக்குப் பின் அறையில் ஒரு தொழில் உண்டு. கருவி செய்யும் பட்டறைகளிலிருந்து உலோகத் தகடுகள் வரும். மீட்டர் முகப்பு, அளவுகோல், திருகு வளையம், இப்படி. அவற்றில் கோடும் எண்ணும் வெட்டியிருப்பார்கள். வெறும் வெட்டுதான், நிறம் இருக்காது. அந்தப் பள்ளத்தில் பெயின்ட் நிரப்பி, மேலே வழிந்ததைத் துடைத்து, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆக்கி அனுப்புவாள். நாலு வருடமாகச் செய்கிறாள். நான் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. பெயின்ட் இளக்கும் தின்னர் நாற்றம் வருகிறது என்று கதவை இழுத்துச் சாத்தியது மட்டும்தான் அந்தத் தொழிலில் என் பங்கு.

ராத்திரி வீட்டுக்காரி போனில்: "அவ தண்ணில கை வைக்கக் கூடாது. பாத்திரத்த நீங்க கழுவுங்க."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டி நான்."

"அந்த பஸ்ஸக் கழுவினது யாரு? கிளீனர்தானே? அதான் உங்களுக்குத் தெரியல. சோப்பு ஜன்னல் பக்கத்துல இருக்கு."

மார்ச் 4, புதன்

இரண்டு டம்ளர் உடைந்தது. போனில் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மருமகளின் கண் சிவந்திருந்தது. என்னம்மா என்றேன். "ஒண்ணுமில்ல மாமா" என்றாள். முப்பது வருடம் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் முகங்களைப் பார்த்தவன் நான். ஒன்றுமில்லை என்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எதிரே உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவளே சொன்னாள்.

இதுவரை எல்லா வேலையும் ஓர் ஏஜென்ட் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அவர் மனம் வைத்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. இப்போது மீட்டர் செய்யும் பெரிய கம்பெனி ஒன்று அவளை நேரடியாகவே கூப்பிட்டிருக்கிறது. சோதனைக்கு ஒரு தட்டு நிறையத் தகடுகள் கொடுப்பார்கள். சரியாக நிரப்பிக் காட்டினால் இனி அவள் பெயருக்கே ஆர்டர். தகடு பதினாறாம் தேதி வருகிறது, இருபதாம் தேதி திருப்பிக் கொடுக்க வேண்டும். மாவுக்கட்டைப் பிரிப்பதோ ஏப்ரலில்.

"தேதி தள்ளிக் கேட்டேன் மாமா. வேற ஆளுங்க இருக்காங்கன்னு சொல்லிட்டாங்க." மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே, "நாலு வருஷமா இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன்" என்றாள்.

எழுந்து போய் டீ போட்டேன். சர்க்கரை மறந்துவிட்டது. அவள் அப்படியே குடித்துவிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

மகன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் "ப்பூ, இவ்வளவுதானா, நானே போட்டுத் தரேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பழைய தகடு ஒன்றில் போட்டுப் பார்க்கப் பின் அறைக்குள் போனான். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது பெயின்ட் அவன் முழங்கையில் இருந்தது, காதில் இருந்தது, மேஜைக் காலில் இருந்தது. தகட்டில் வெட்டியிருந்த பள்ளத்தில் மட்டும் இல்லை.

"உனக்கு கேபிள் வேலைதான்டா சரி. தப்பாப் போட்டாலும் மண்ணத் தள்ளி மூடிடலாம்" என்றேன். மருமகள் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வாரமாகிறது.

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியம்தான். என் இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினேன். "இது ஆடுதா பாரும்மா."

பார்த்தாள். ஆடவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் முறம் அளவு இருக்கிறது, அதையும் பார்த்தாள். "உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்?"

"சிரமமே இல்லாமத்தான்மா எனக்கு சிரமமா இருக்கு" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

எட்டு மணிக்கு டூட்டியில் சேர்ந்தேன். பழைய தகடுகளில் பயிற்சி. எனக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு மருமகள் உட்கார்ந்துகொண்டாள். கை என்னுடையது, சொல் அவளுடையது.

ஊசி போடும் சிரிஞ்ச்தான் கருவி. முனையைத் தேய்த்து மழுங்கடித்து வைத்திருக்கிறாள். பெயின்டை உறிஞ்சி, பள்ளத்தின் ஒரு கோடியில் வைத்து மெதுவாக அழுத்தினால் அது தானே ஓடிப் போய் நிரம்புகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பிறகு கொஞ்சம் விட வேண்டும். ரொம்ப விட்டால் இறுகிவிடும், உடனே துடைத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். துடைக்கிறதுக்கும் ஒரு வித்தை. மரக்கட்டையில் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டி, வெட்டுக்குக் குறுக்கே ஒரே இழுப்பு. நான் கோட்டின் மேலேயே இழுத்தேன். நிரப்பிய பெயின்ட் மொத்தமும் துணியோடு வந்துவிட்டது.

"குறுக்க மாமா, குறுக்க!"

"வாழ்க்கை முழுக்க குறுக்க வர்றவனத் திட்டியே பழகிட்டேன்மா. இப்ப என்னையே குறுக்க போகச் சொல்றே."

இன்னொரு சட்டம்: பள்ளத்தைச் சுத்தம் செய்ய பல் குத்தும் குச்சி மட்டும். இரும்பு எதுவும் தகட்டின் கிட்டேயே வரக் கூடாது. கீறல் விழுந்தால் அந்தத் தகடு போயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

நிரப்பினது எல்லாம் துணிக்கே போயிற்று. முதுகு விட்டுப் போகிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டால் நன்றாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

வந்துவிட்டது! பழைய அளவுகோல் ஒன்று, முழுவதும் என் கை. மருமகள் பூதக்கண்ணாடி விளக்கின் கீழே வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "நாப்பத்தி மூணுல கொஞ்சம் கம்மி. மத்ததெல்லாம் நல்லா இருக்கு மாமா." முதல் தடவை பெரிய வண்டியைத் தனியாக டிப்போவுக்குள் கொண்டுவந்து நிறுத்திய அன்றுகூட இப்படி மார்பு விரியவில்லை.

சந்தோஷத்தில் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. மலைப்பாதையில் பிரேக் போன கதை, பஸ்ஸுக்குள் ஆடு ஏறிய கதை, மாப்பிள்ளையை மறந்துவிட்டுக் கல்யாணக் கூட்டத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு போன கதை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆடு ஏறிய இடத்தில் நான் கையை வீசியதில் சிரிஞ்சிலிருந்த கறுப்பு சுவரில் கோடு போட்டது.

"உங்க பஸ்ஸுல ஒரு போர்டு இருக்குமே மாமா, ஓட்டுநரிடம் பேசக் கூடாதுன்னு?"

"இருக்கும். என் சீட்டுக்கு மேலேயே."

"மாத்தி எழுதியிருக்காங்க. ஓட்டுநர் பேசக் கூடாதுன்னு எழுதியிருக்கணும்."

வந்து ஐந்து வருடமான மருமகள். இத்தனை நாள் "சாப்டீங்களா மாமா", "சாப்டேம்மா" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. இவளுக்கு இப்படி வாய் உண்டு என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே!

மார்ச் 13, வெள்ளி

வீட்டுக்காரியிடம் போனில் சொன்னேன். நம்பவில்லை. "நீங்களா? ஊசில நூல் கோக்கச் சொன்னா ஊசியத் தொலைக்கிற ஆளு நீங்க." போனை மருமகளிடம் கொடுத்தேன். அவள் சாட்சி சொன்ன பிறகு "கண்ணுக்கு மருந்து போட்டுக்கிறாரா, கேளு" என்று அவளிடமே சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 16, திங்கள்

மாதிரித் தகடுகள் வந்துவிட்டன. உள்ளங்கை அகலத்தில் வட்டமான பித்தளை முகப்பு, நடுவில் முள் மாட்ட ஓர் ஓட்டை. இடது கோடியில் பூஜ்யம், அங்கிருந்து மேலே ஏறி வலது கோடியில் பதினாறு. காற்றழுத்தம் காட்டும் மீட்டருக்கானது. ஒரு தட்டு, அதற்கு மேல் உபரி ஒன்றுகூடக் கிடையாது. கெட்டுப்போனால் கெட்டுப்போனதுதான்.

கூடவே ஒரு வரைபடம். எண்கள் எல்லாம் கறுப்பு. கோடுகளில் ஆபத்துப் பகுதி மட்டும் சிவப்பு, மீதி கறுப்பு. வலது கோடியில் இருக்கும் கோடுகளைச் சுற்றி மருமகள் இடது கையால் பென்சில் வட்டம் போட்டு "இது மட்டும் சிவப்பு மாமா" என்றாள். சரி என்றேன். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

எண்கள் முடிந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. நாளைக் காலை அவள் எக்ஸ்ரேவுக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். வந்த பிறகு மதியம் கோடுகளை ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறோம்.

மார்ச் 18, புதன், மதியம்

இன்று நான் ஒரு பெரிய ஆபத்திலிருந்து மருமகளைக் காப்பாற்றியிருக்கிறேன். ஆற அமர எழுத வேண்டிய விஷயம்.

அவள் கிளம்பிப் போனதும் சும்மா உட்கார முடியாமல் தகடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பொறி தட்டியது. காற்றழுத்த மீட்டர்! என் கண் முன்னாலேயே முப்பது வருடம் இருந்ததே! பஸ்ஸுக்கு பிரேக்கே காற்றில்தான். காற்று இறங்கினால் பிரேக் பிடிக்காது. அதனால் அந்த மீட்டரில் சிவப்பு எப்போதும் இடது பக்கம், கீழ்க் கோடியில் இருக்கும். முள் சிவப்பில் நின்றால் வண்டியை எடுக்கவே மாட்டோம். இவள் என்னடாவென்றால் வலது பக்கம் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்! வலி மாத்திரை மயக்கத்தில் படத்தைத் தலைகீழாகப் பார்த்துவிட்டாள் போல. பாவம். அவளும் பஸ் ஓட்டினவளா என்ன?

போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எங்கே எடுக்கப் போகிறாள். வந்து பார்க்கும்போது வேலை முடிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். இடது கோடி எல்லாம் சிவப்பு. மீதி எல்லாம் கறுப்பு. ஒரே மூச்சில் மொத்தத் தட்டும். குறுக்கேதான் துடைத்தேன். ஒவ்வொரு கோடும் முடி மாதிரி, அவ்வளவு சுத்தம். வரிசையாக விளக்கின் கீழே காயவைத்திருக்கிறேன்.

கேட் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டாள்.

மார்ச் 18, இரவு சாப்பாட்டுக்கு முன்

என்ன வேலை பண்ணி வெச்சிருக்கேன். என்ன வேலை!

அவள் அறைக்குள் வந்தாள். நான் மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். ஒரு தகட்டை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. நான் பிரேக் விஷயத்தை விளக்கினேன். முழுவதும் கேட்டாள்.

"மாமா, இது பஸ்ஸுக்கு இல்ல. காத்து அடைச்சு வைக்கிற டேங்குக்கு. அதுல காத்து ஏறினாதான் ஆபத்து. ஏறிட்டே போனா டேங்க் வெடிச்சிடும்."

ஏறினால் ஆபத்து. அதனால் சிவப்பு வலது பக்கம். படம் சரி. அவள் வட்டம் சரி. நான் மட்டும்தான் தப்பு.

"யாரு மாமா உங்களக் கேட்டா?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

நான் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். யாருமே கேக்கலியே. படம் இருந்துச்சு, வட்டம் போட்டு இருந்துச்சு, வாயாலயும் சொல்லியிருந்தா. என்னைப் போய் யாரு கேட்டா? அவளுடைய நாலு வருடத்தை ஒரு காலைப் பொழுதில் துடைத்துப் போட்டுவிட்டேன். அதுவும் எவ்வளவு சுத்தமாக! சட்டை போட்டுக்கொண்டு எங்கேயாவது போய்விடலாமா என்று இருந்தது. எங்கே போவது?

கதவைத் தட்டினாள்.

"மாமா, பெயின்ட் இன்னும் முழுசா இறுகல. இப்ப உட்கார்ந்தா எடுத்துடலாம்." நான் எழுந்திருக்கவில்லை. "எனக்கு ஒரு கைதான் இருக்கு மாமா. வாங்க."

போனேன். தின்னரில் நனைத்த பஞ்சை மெல்லிய திரியாக உருட்டி, இடது கோடியிலும் வலது கோடியிலும் மட்டும் வைத்து, ஊறவிட்டு, குச்சியால் ஒவ்வொரு கோடாக வழித்தோம். அவள் இடது கையால் பஞ்சு வைத்தாள், நான் வழித்தேன். பக்கத்து எண்ணில் தின்னர் பட்டால் அதுவும் போய்விடும்.

பாதித் தட்டு முடிந்திருக்கிறது. மீதி நாளைக் காலையில்.

மார்ச் 19, வியாழன்

ராத்திரியில் பெயின்ட் நன்றாக இறுகிவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் சிவப்பு பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. குச்சி உடைந்தது, இன்னொரு குச்சியும் உடைந்தது. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம், அவசரத்தில் என் கை தையல் ஊசியை எடுத்துவிட்டது. ஒரே இழுப்பு. சிவப்பு வந்துவிட்டது. கூடவே பூஜ்யத்திலிருந்து விளிம்பு வரை பளபளவென்று ஒரு கீறல்.

மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்வானேன். அவள் வந்ததும் தகட்டை நீட்டினேன். விளக்கின் கீழே வைத்துப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஏனென்று எனக்கு விளங்கவில்லை, நானும் சிரித்தேன். வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தோம்.

"நேத்து சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க மாமா" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நீ சரியாத்தாம்மா சொன்னே."

சாயங்காலத்துக்குள் சிவப்பு வலது பக்கம், கறுப்பு இடது பக்கம். ஒவ்வொரு தகட்டுக்கும் முன்னால் "வலது?" என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் "வலது" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

பெட்டியை நான்தான் கொண்டுபோனேன். மாவுக்கட்டோடு அவளை நெரிசலில் அனுப்ப முடியாது.

பஸ்ஸில் ஓட்டுநருக்கு நேர் பின் சீட். பையன் புதிது, பிரேக்கை உதைக்கிறான். ஒவ்வொரு உதைக்கும் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியிலிருந்து தூக்கிப் பிடித்தேன். அவன் தோளுக்கு மேலாக எட்டி மீட்டரைப் பார்த்தேன். காற்றழுத்தம், இடது பக்கம், கீழ்க் கோடியில், நல்ல சிவப்பு. பக்கத்திலிருந்த அம்மாளிடம் காட்டி, "பாத்தீங்களா, நான் சொன்னது தப்பே இல்ல" என்றேன். அந்த அம்மாள் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கம்பெனியில் தகடுகளைப் பரிசோதிக்கிறவர் ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு பார்க்கிற ஆள். மருமகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, நகத்தால் தடவி, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தார். கீறல் தகடு வந்ததும் நிறுத்தினார்.

"சார், அது நான். ஊசி பட்டுடுச்சு" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

அதை ஓரமாக வைத்தார். இன்னொன்றை வெகு நேரம் பார்த்தார். "இந்தக் கறுப்புக் கோட்டுக்கு அடியில லேசா சிவப்பு தெரியுது. முதல்ல இந்தப் பக்கம் சிவப்பு போட்டீங்களா?"

மாட்டினேன். வேறு வழியில்லை, பஸ், பிரேக், காற்று, டேங்க், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் துடித்தது.

"மொத்தத்தையும் எடுத்துட்டுத் திரும்பப் போட்டீங்களா? எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு சார். ஆனா கை மூணுதான். இந்த ரெண்டு கை என்னுது. மூளை முழுசா மருமகளோடது."

"புதன்கிழமை சொல்றோம்" என்று கீறல் தகட்டை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அது நல்லதா கெட்டதா என்று முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. நல்ல ஓட்டுநராக வந்திருப்பார்.

மார்ச் 22, ஞாயிறு

மகன் சமைத்தான். யாரும் தகட்டைப் பற்றிப் பேசவில்லை. யாரும் சமையலைப் பற்றியும் பேசவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. கிடைக்காமல் போனால் அது அந்த ஒரு காலைப் பொழுதால்தான். அவள் அதைச் சொல்லிக் காட்ட மாட்டாள். அதுதான் இன்னும் கஷ்டம்.

மார்ச் 25, புதன்

பதினொரு மணிக்குப் போன். மருமகள் "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். "பாதி ஆர்டர்தான் மாமா. மீதி மூணு மாசம் பாத்துட்டுத் தருவாங்களாம்."

"பாதியா..."

"பாதி மாமா! என் பேருக்கு! ஏஜென்ட் இல்லாம!" என்று ஒற்றைக் கையால் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். டம்ளர் விழுந்து உடைந்தது. உடையட்டும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏஜென்ட்டுக்கு அவளே போன் செய்து சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவ்வளவு மரியாதையாக ஒருவரை இறக்கிவிட்டதை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை மெலிந்து, வெளுத்துப் போயிருக்கிறது. பந்தைப் பிடித்து அமுக்கி அமுக்கிப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வந்த கையோடு சிரிஞ்சை எடுத்துப் பார்த்தாள். நடுங்கினாலும் கோடு நேராகத்தான் போயிற்று. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நான் என் நாற்காலியை மடித்துக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவள் அறை, அவள் தொழில். இப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் போய் ஒரு தடவை பட்டது போதும்.

ஏப்ரல் 6, திங்கள்

என்னோடு ஓடிய பழைய கண்டக்டர் தினமும் டீக்கடையில்தான் இருக்கிறான். போய் உட்கார்ந்தேன். முழங்கால் வலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். மேஜை மேலே விளம்பரத் தகடு ஒன்று ஒட்டியிருந்தது. எழுத்து வெட்டுக்குள் பெயின்ட் பாதி உதிர்ந்துபோய்க் கிடந்தது. "எவனோ கோட்டு மேலேயே துடைச்சிருக்கான்" என்றேன். கண்டக்டர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

அறையிலிருந்து தின்னர் வாசனை வருகிறது. கதவைச் சாத்த மனம் வரவில்லை.

ஏப்ரல் 8, புதன்

மருமகள் காலையில் வெளியே போய் மதியம்தான் வந்தாள். எங்கே என்று கேட்டேன். "எழுத்து வெட்டுற பட்டறைக்கு மாமா, ஒரு சின்ன வேலை" என்றாள்.

ஏப்ரல் 9, வியாழன்

வீட்டுக்காரி வந்துவிட்டாள். வந்ததும் அலமாரியைத் திறந்து டம்ளர்களை எண்ணினாள். நான் தபால் வந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று வாசலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் கூடத்தில் என் நாற்காலியைக் காணவில்லை. "எங்கடி?" என்றால், "எனக்கென்ன தெரியும், உங்க முதலாளியக் கேளுங்க" என்று பின் அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

போய்ப் பார்த்தேன். நாற்காலி பழைய இடத்தில், ஸ்டூலுக்கு வலது பக்கம் போட்டிருந்தது. அதன் மேலே சுவரில் ஓர் ஆணி. நாற்காலிக்கு முன்னால் மேஜையில் அந்தக் கீறல் தகடு, கவிழ்த்து வைத்திருந்தது. பின்பக்கம் ஒன்றுமில்லாமல் மழமழவென்று இருந்த பித்தளையில் நடு ஓட்டையைச் சுற்றிப் புதிதாக எழுத்து வெட்டியிருந்தது:

வேலை நேரத்தில் ஓட்டுநர் பேசக் கூடாது

வெறும் வெட்டு. நிறம் போடவில்லை. பக்கத்தில் சிரிஞ்ச், திறந்த சிவப்பு பெயின்ட் டப்பா, துணி கட்டிய கட்டை, பல் குத்தும் குச்சி.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "எந்தப் பக்கம்மா ஆரம்பிக்கணும்?" என்று குரல் கொடுத்தேன்.

அடுப்படியிலிருந்து மருமகள், "இது காத்தழுத்தம் இல்ல மாமா, எங்க வேணாலும் ஆரம்பிங்க!" என்றாள். வீட்டுக்காரி சிரிக்கும் சத்தமும் கேட்டது. அப்படியானால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

நிரப்பினேன். குறுக்கே துடைத்தேன். இப்போது விளக்கின் கீழே காய்ந்துகொண்டிருக்கிறது, காலையில்தான் மாட்ட வேண்டும். எட்டு மணிக்கு டூட்டி.